மதாம் ரூஷெனாவுக்காக எழுந்து நின்ற மண்டபம்

மரண அறிவித்தல் வாசிக்கச் சொன்னால் உங்களில் பாதிப்பேருக்கு முகம் கோணுகிறது. வானொலிக் கலையகத்துக்கு வெளியே நின்று பிரெஞ்சில் பேசினால் இந்தக் கிழவிக்கு விளங்காது என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. பாட்டு நிகழ்ச்சி வேண்டும், நேர்காணல் வேண்டும், கால்பந்து வேண்டும். செத்த ஆட்களை மட்டும் வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும், அப்படித்தானே? கோபமில்லை, நானும் அப்படித்தான் வந்தேன். ஓய்வெடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தவளைக் கூப்பிட்டு, புதிதாக வந்த அறிவிப்பாளர்களுக்கு அனுபவம் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். ஒலிவாங்கியை எப்படிப் பிடிப்பது என்பதை வேறு ஆட்கள் சொல்லித் தருவார்கள். நான் ஒரு மனுசியைப் பற்றிச் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஒரு விசயம். பாரிசில், லா சப்பலில் இந்தத் தமிழ் வானொலி இரண்டு அறையோடு தொடங்கிய காலத்தில் என்னை வேலைக்கு எடுத்தவர் ஒரு பழக்கம் வைத்திருந்தார். பெயர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது, விட்டுவிடுவோம். மரண அறிவித்தல் வந்தால் அவர் செத்தவரின் பெயரைப் பார்க்கமாட்டார், கடைசி வரியைப் பார்ப்பார். 'தகவல்: குடும்பத்தினர்' என்று அங்கே இருக்கவேண்டும். இருந்தால், "குடுத்தது ஆர்?" என்று கேட்பார். குடும்பத்தில் ஒருவர் நேரில் வரவேண்டும், அல்லது நாங்கள் திருப்பி அழைத்து அவர்களோடு பேசவேண்டும். அதுவரைக்கும் அந்தத் தாள் மேசையில் கிடக்கும். ஒருதடவை ஒரு மனிதர் தன் சிநேகிதன் காலமாகிவிட்டதாக அழுதழுது தொலைபேசியில் சொன்னார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. எங்கள் ஆள் அசையவில்லை. குடும்பம் பேசட்டும் என்றார். அடுத்த கிழமை அந்தச் 'செத்தவர்' எங்களுக்கு அழைப்பெடுத்து ஒரு காதல் பாட்டுக் கேட்டார். இரண்டு பேருக்கும் இடையில் ஏதோ மனத்தாங்கலாம். அன்றிலிருந்து, குடுத்தது ஆர் என்ற கேள்வியைக் கேட்காமல் நான் ஒரு அறிவித்தலையும் வாசித்ததில்லை, வாசிக்க விட்டதுமில்லை.

இனித் தவத்திடம் வருகிறேன். இன்றைக்கு உங்களுக்கெல்லாம் பொறுப்பாக இருக்கிற அதே தவம்தான். அப்போது அவர் பாரிசுக்கு வெளியே கூசேன்வில்லில் இருந்துகொண்டு விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை செய்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களிடம் வந்து சம்பளமில்லாமல் மரண அறிவித்தல் வாசிப்பார். சும்மா சொல்லக்கூடாது, அப்படியொரு குரல். யாரென்றே தெரியாத ஆளுக்காக வீட்டில் சமைத்துக்கொண்டிருக்கிற பெண்கள் அடுப்பைக் குறைத்துவிட்டுக் கேட்பார்கள். ஆனால் அதுவே மனுசனுக்கு வினையாகிவிட்டது. ரூ லூயி-பிளாங் தெருவில் சாப்பாட்டுக் கடைக்குப் போய் "ரெண்டு இடியப்பப் பார்சல்" என்று கேட்டால், பக்கத்தில் நிற்கிற சனம் யார் போய்விட்டார்கள் என்று திரும்பிப் பார்க்கும். கல்யாண வீட்டில் வாழ்த்துச் சொல்ல வந்தவரை மாப்பிள்ளையின் தாய் கையெடுத்துக் கும்பிட்டு, மேடைப்பக்கம் போகவேண்டாம் என்று சொன்னதும் நடந்திருக்கிறது. அவர் சிரித்துக்கொண்டுதான் இதையெல்லாம் சொல்வார். உள்ளுக்குள் நொந்துபோயிருந்தார் என்பது எனக்குத் தெரியும்.

மதாம் ரூஷெனா செக் நாட்டுக்காரி. எண்பது வயதைத் தாண்டியவர், கையில் தடி. லா சப்பலில் குலம் அண்ணையின் பலசரக்குக் கடைக்கு மேல்மாடியில் தனியாக இருந்தார். வாழைப்பழம் வாங்க இறங்கி வருவார். ஒருநாள் நானும் கடையில் நிற்க, சுவரில் தொங்கிய நாட்காட்டியைக் காட்டி இது என்ன அட்டவணை என்று கேட்டார். ராசி, நட்சத்திரம் என்று நான் பிரெஞ்சில் விளங்கப்படுத்தினேன். இன்றைக்கு எந்த நட்சத்திரம் என்றார். ரோகிணி என்றேன். குலம் அண்ணை தொலைபேசியில் ரோகிணி எது என்று தேடிக் காட்ட, மனுசி பார்த்துவிட்டு, "இவரை எனக்கு நல்லாத் தெரியும்" என்றார், பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்வதுபோல. அப்படித்தான் அவர் ஒரு வானியலாளர் என்பது எங்களுக்குத் தெரியவந்தது.

அவருடைய வேலை சிறுகோள்களைக் கண்டுபிடிப்பது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே பாறைகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன அல்லவா, அவை. தன் நாட்டில் ஒரு மலைமேல் இருந்த ஆய்வகத்தில் இளமைக்காலம் முழுக்க அதைத்தான் செய்திருக்கிறார். வானத்தில் ஒரே இடத்தை இரண்டு தடவை படம் பிடித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாராம். நட்சத்திரம் நின்ற இடத்தில் நிற்கும். "நகர்ந்தது எதுவோ அது என்ரை" என்றார். நான் குலம் அண்ணைக்குத் தமிழில் சொன்னேன். அவர் முருங்கைக்காயை அடுக்கிக்கொண்டே, "நகர்ந்ததெல்லாம் அவவின்ரை எண்டால் நாங்களும் அவவின்ரை ஆக்கள்தானே, கேட்டுச் சொல்லு பிள்ளை" என்றார். நான் மொழிபெயர்த்ததும் மனுசி தடியைத் தரையில் தட்டித் தட்டிச் சிரித்தார்.

கண்டுபிடித்தவருக்குப் பெயர் வைக்கிற உரிமை உண்டாம். அவர் ஒன்றுக்குத் தன் ஊரின் பெயரை வைத்திருந்தார். இன்னொன்றுக்கு ஆய்வகத்தில் சமைத்துப் போட்ட பெண்ணின் பெயர். மலைக்குப் பால் கொண்டுவந்த மனிதரின் பெயரிலும் ஒன்று சுற்றுகிறது. உங்கடை பெயர் எதிலே என்று குலம் அண்ணை கேட்டார். தன் பெயரைத் தானே வைக்க முடியாது, அதை மற்ற ஆட்கள்தான் செய்யவேண்டும் என்று சொல்லிவிட்டு, மதாம் வாழைப்பழத்தை நிறுக்கச் சொன்னார். 

பிறகு பழகப் பழகத்தான் மிச்சம் தெரியவந்தது. பிரான்சில் இருந்த சகோதரியைப் பார்க்க வந்தவர் திரும்பிப் போகவில்லை. போகாதவளை அங்கே இருந்த ஆட்சி சும்மா விடுமா? அதற்குப்பிறகு அங்கே அச்சான எதிலும் அவருடைய பெயர் வரவில்லை. அவர் கண்ட சிறுகோள்களைப் பற்றி எழுதினால் 'ஆய்வகம் கண்டது' என்று எழுதினார்கள். கூட வேலை செய்தவர்கள் கடிதம் போடுவதை நிறுத்தினார்கள். இங்கே ஒரு பாடசாலை நூலகத்தில் வேலை செய்து அவர் ஓய்வு பெற்றார். சகோதரியும் போய்விட்டார். ஆட்சி மாறியபின் ஒரு மன்னிப்புக் கடிதம் வந்ததாம், அவ்வளவுதான். ஆயுளில் ஒருதடவைகூட அவரை ஒருவரும் மேடைக்குக் கூப்பிடவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் ஆட்கள் பொன்னாடை போர்த்துவதற்கு ஆள் தேடித் திரிகிறவர்கள். கராத்தே வகுப்பு நடத்துகிறவருக்கும் பட்டம் உண்டு, அவருக்குப் பொன்னாடை போர்த்தியவருக்கும் பட்டம் உண்டு. வானத்தில் சிறுகோள் கண்டுபிடித்த மனுசிக்கு ஒன்றுமில்லையா? எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவரிடம் போனேன். ஆண்டு விழாவில் சாதனையாளர் வரிசையில் அவரையும் சேர்க்கவேண்டும் என்றேன். வெள்ளைக்காரி ஒருவர் மேடையில் இருப்பது விழாவுக்கு எடுப்பாக இருக்கும் என்று தலைவருக்குப் பட்டது. சரி என்றார். மதாமிடம் சொன்னபோது அவர் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். பிறகு, "உண்மையாத்தானே? மேடையில வந்து இருந்தபிறகு வேண்டாம் எண்டு சொல்லமாட்டாங்கள்தானே?" என்று கேட்டார். அவர் சொன்னது பிரெஞ்சில். நான் எங்கள் பேச்சில் சொல்கிறேன். நான் அவருடைய கையைப் பிடித்து, இது என் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்தேன்.

அவரைப் பற்றி மேடையில் வாசிக்க வேண்டியவள் நான்தான். விழாவுக்கு முதல் ஞாயிறு அறிவித்தல் வாசித்து முடித்துவிட்டுத் தவம் கலையகத்தில் தயங்கித் தயங்கி நின்றார்.

"அக்கா, ஒருக்காவாவது உயிரோட இருக்கிற ஆளைப் பற்றி வாசிக்க விடுங்கோ."

எப்படி இல்லையென்று சொல்வது? நான் எழுதி வைத்திருந்த குறிப்பைக் கொடுத்து, "நீர் உம்மடை பாணியில எழுதி வாசியும்" என்றேன். அவருடைய பாணி என்னவென்று நான் அந்த நிமிசம் யோசிக்கவில்லை.

விழா ஞாயிறு பின்னேரம். மண்டபம் நிறைந்த சனம். மதாம் ரூஷெனா நீலக் கோட்டுப் போட்டு, தலைமுடியைச் சீராக வாரி, மேடையில் தலைவருக்குப் பக்கத்தில் இருந்தார். கழுத்தில் மாலை, தோளில் பொன்னாடை. தவம் ஒலிவாங்கிக்கு முன்னால் வந்தார். தாளை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். பயந்த மனிதன் தனக்குப் பழக்கமான தடியைத்தான் தேடிப் பிடிப்பான். தொண்டையைச் செருமிக்கொண்டு, ஊரெல்லாம் அறிந்த அந்தக் குரலில் தொடங்கினார்.

"செக் நாட்டைப் பிறப்பிடமாகவும், பிரான்ஸ் லா சப்பலை வதிவிடமாகவும் கொண்ட மதாம் ரூஷெனா அவர்கள்…"

 உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை, மரண அறிவித்தலின் முதல் வரி அதுதான். முன்வரிசையில் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். தவம் தாளைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"அன்னார், காலஞ்சென்றவர்களான வாட்ஸ்லாவ், அன்னா தம்பதியரின் அன்பு மகளும், பல நட்சத்திரங்களைக் கண்டறிந்தவரும்…"

காலஞ்சென்ற என்ற சொல் போதும். முன்வரிசையில் ஒருவர் தொப்பியைக் கழற்றினார். பின்னால் ஒரு குடும்பம் எழுந்து நின்றது. அதைப் பார்த்து அடுத்த வரிசை. செத்தவர்களுக்காக எழுந்து தலை குனிகிற அகவணக்கம் எங்கள் ஆட்களுக்கு உடம்பிலே ஊறினது. அந்தக் குரல் கேட்டால் கால் தானாக எழும்பும், தலை தானாகக் குனியும். கொஞ்ச நேரத்தில் முழு மண்டபமும் தலை குனிந்து நின்றது. மேடையில் இருந்த தலைவரும் எழுந்து கண்ணை மூடிக்கொண்டார், பக்கத்தில் ஆள் உயிரோடு இருப்பதையும் மறந்து. அப்போதுதான் தவம் நிமிர்ந்து பார்த்தார். என்ன நடந்துவிட்டது என்று விளங்கியது. வாய் திறந்தபடியே என்னைப் பார்த்தார்.  மதாம் ரூஷெனா மண்டபத்தை ஒரு கரையிலிருந்து மறுகரை வரைக்கும் பார்த்தார். பிறகு தடியை ஊன்றி, மெல்ல மெல்லத் தானும் எழுந்து நின்றார். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்கவேண்டும். மேடையின் ஓரத்திலிருந்து ஒலிவாங்கிக்கு நடந்துபோகிற நேரம்தான் எனக்கு இருந்தது. மன்னிக்கவும், பிழை நடந்துவிட்டது என்று சொன்னால் மண்டபம் கொல்லென்று சிரிக்கும். அவருடைய ஆயுளில் கிடைத்த ஒரே மேடை சிரிப்பாய்ப் போய்விடும். தவமும் பிறகு எந்த மேடையிலும் ஏறமாட்டார். சொல்லாமல் விட்டாலோ, உயிரோடு இருக்கிற மனுசியைச் சாகடித்தவர்கள் ஆவோம். பொழுது படுவதற்குள் செய்தி இலண்டன், கனடா எல்லாம் போய்விடும். உண்மையைச் சொல்லவேண்டும். ஆனால் நிற்கிற சனம் உட்கார்ந்துவிடக்கூடாது. அவ்வளவுதான் என் தலைக்குள் ஓடியது.

தவத்தின் தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டு சொன்னேன்: "எழும்பி நிக்கிற எல்லாருக்கும் நன்றி. ஒருத்தரும் இருக்க வேண்டாம். மதாம் ரூஷெனா இந்தா, எங்களுக்கு முன்னால நிக்கிறா. தலையை நிமித்தி அவவைப் பாருங்கோ. பாத்துக் கை தட்டுங்கோ."

ஒரு நிமிசம் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் வரிசையில் ஒரு பெண்ணின் குரல் மட்டும், "அப்ப மனுசி சாகேல்லையோ?" என்று கேட்டது. பக்கத்தில் நின்றவர் அவரைக் கிள்ளியிருக்கவேண்டும். பிறகு தொடங்கியது பாருங்கள் கைதட்டல். அவ்வளவு நிம்மதியோடு சனம் கை தட்டி நான் கேட்டதில்லை. மதாம் இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றார். நான் தவத்திடம், இனி உயிரோடிருக்கிற ஆளுக்குரிய குரலில் மிச்சத்தை வாசியும் என்று மெதுவாகச் சொன்னேன். வாசித்தார். தட்டுத்தடுமாறித்தான், ஆனாலும் வாசித்து முடித்தார்.

விழா முடிந்து வெளியே வந்ததும் தலைவர் கோபத்தில் துள்ளினார். தவம் இனி ஒரு மேடையிலும் ஏறப்படாது என்றார். நான் கேட்டேன், இத்தனை வருசமாய் நீங்கள் பேசுகிறீர்களே, உங்களுக்காக ஒரு வரிசையாவது எழும்பி நின்றிருக்கிறதா என்று. அவர் வடை எடுக்கப் போய்விட்டார்.

மதாம் மண்டபத்தின் மூலையில் தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்தார். நான் போய்ப் பக்கத்தில் இருந்தேன். தவமும் பின்னால் வந்து நின்றார். மதாம் என்னை உற்றுப் பார்த்தார்.

"ஏன் எல்லாரும் கீழ பாத்தவை? ஒரு ஆளைக் கௌரவிக்கிறவை ஆளையெல்லோ பாப்பினம். பாக்கிறதுதான் என்ரை தொழில். எனக்கு உண்மையைச் சொல்லு."

மேடையில் காப்பாற்றிவிட்டோம், இனி ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று நினைப்பு வரத்தான் செய்தது. வாழ்நாள் முழுக்கத் தன்னைப் பற்றிப் பொய் எழுதினவர்களிடமிருந்து தப்பி வந்த மனுசிக்கு நானும் ஒரு பொய் சொல்வதா? முழுக்கச் சொன்னேன். வரிக்கு வரி மொழிபெயர்த்தும் காட்டினேன். தவம் தரையைப் பார்த்தபடி நின்றார். மதாம் கோப்பையைக் கீழே வைத்தார். சிரிக்கத் தொடங்கினார். இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பு அழுகையாகிவிட்டது.

"அங்கை நான் உயிரோட இருக்கேக்கை என்னைச் செத்தவளா வைச்சிருந்தாங்கள். ஒருத்தன் எழும்பேல்லை. இஞ்சை நான் செத்துப்போனன் எண்டு நினைச்சு, ஆரெண்டே தெரியாத எனக்காக இவ்வளவு சனம் எழும்பி நிண்டிருக்குது."

தவத்தின் கையைப் பிடித்து மெர்சி என்று நன்றி சொன்னார். உடனே முகத்தை இறுக்கிக்கொண்டு, ஒரு பிழையைத் திருத்தவேண்டும் என்றார். செத்ததாகச் சொன்னது பரவாயில்லை, ஆனால் தான் நட்சத்திரம் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை, கண்டது சிறுகோள். அதை மட்டும் இவர் பாடமாக்கவேண்டும் என்றார். தவம் அப்போதுதான் சிரித்தார்.

பிறகு மதாம் என்னிடம் கேட்டார், தன் மரண அறிவித்தலை இப்போதே தந்து வைக்கலாமா, நேரம் வரும்போது வாசிக்கலாமே என்று. ஏலாது, அதைக் குடும்பம்தான் தரவேண்டும், கடைசி வரியில் அப்படித்தான் வரும் என்று சட்டம் பேசினேன். என் வாய் பழகின வாய். அவர் தலையாட்டினார்.

"அப்ப இதுவும் சிறுகோள் மாதிரித்தான். தன்ரை பேரைத் தானே வைக்க ஏலாது."

அவருக்குக் குடும்பமென்று ஒருவரும் இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அந்தப் பதிலைச் சொல்லியிருந்தேன். 

தவத்துக்குச் சனிக்கிழமைப் பிறந்தநாள் வாழ்த்து நிகழ்ச்சியைக் கொடுத்தோம். முதல் மாதம் இரண்டு தாய்மார் பயந்துபோய் அழைப்பெடுத்தார்கள். பிறகு மெல்ல மெல்ல அவருக்கு இரண்டாவது குரல் ஒன்று வந்தது. ஞாயிறு அறிவித்தலை மட்டும் அவர் விடவில்லை. நான் ஓய்வு பெற்றபோது பொறுப்பை அவரிடம்தான் ஒப்படைத்தேன். கடைசி வரியை முதலில் பாரும், குடுத்தது ஆர் என்று கேளும் என்று திரும்பவும் சொன்னேன். தெரியும் அக்கா என்றார்.

போன மாரியில் ஒரு ஞாயிறு குலம் அண்ணையின் கடைக்குப் போனேன். அவருடைய முகத்தைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. "மதாம் எங்களை விட்டுப் போட்டா, பிள்ளை. நான்தான் ஆஸ்பத்திரியில நிண்டனான்" என்றார்.  என் மனதில் ஓடியதெல்லாம் அந்தக் கடைசி வரிதான். யார் கொடுப்பது? நான் கொடுக்கலாமா? பொறுப்பில் இருந்த காலமெல்லாம் மற்றவர்களைத் திருப்பி அனுப்பிய நான், இப்போது போய் எனக்காகச் சட்டத்தை வளையுங்கள் என்று தவத்திடம் எப்படிக் கேட்பது? யோசித்துக்கொண்டு நிற்க, நாட்காட்டிக்குப் பக்கத்துத் தட்டில் இருந்த வானொலியில் மரண அறிவித்தலுக்கான இசை போனது. பிறகு தவத்தின் குரல்.

"செக் நாட்டைப் பிறப்பிடமாகவும், பிரான்ஸ் லா சப்பலை வதிவிடமாகவும் கொண்ட மதாம் ரூஷெனா அவர்கள் காலமானார். அன்னார், காலஞ்சென்றவர்களான வாட்ஸ்லாவ், அன்னா தம்பதியரின் அன்பு மகளும், பல சிறுகோள்களைக் கண்டறிந்தவரும் ஆவார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கின்றோம். தகவல்…"

அங்கே அவர் நிறுத்தினார். வானொலியில் அவ்வளவு நேரம் சத்தமில்லாமல் இருக்கக்கூடாது, உங்களுக்கும் சொல்லித் தந்திருப்பார்கள். கடையில் சாமான் வாங்க வந்த சனம் கூடையோடு அப்படியே நின்றது. 

"குடும்பத்தினர்."

குலம் அண்ணை தராசிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஓம், நாங்கள்தானே" என்றார்.

பிள்ளைகள், குடுத்தது ஆர் என்று ஆயுள் முழுக்க எல்லாரிடமும் கேட்டவள் நான். அன்றைக்கு நான் தவத்திடம் கேட்கவில்லை. நீங்களும் அவரிடம் கேட்காதீர்கள்.